கெட்ட மரபணுவை இயற்கை ஏன் விட்டுவைக்கிறது?

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு விலங்கியல் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அரிவாள் செல் சோகை போன்ற பரம்பரை நோய் உள்ள குழந்தைகள், மருத்துவ வசதி இல்லாத அந்தக் காலத்தில் கல்யாண வயதை எட்டும் முன்பே இறந்திருப்பார்கள். இறந்தவர்களுக்குப் பிள்ளை ஏது? அப்படியானால் அந்த மரபணுவும் அவர்களோடு போயிருக்க வேண்டாமா? இயற்கைத் தேர்வு என்று ஒன்று இருந்தால் இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் அதைக் களைந்திருக்குமே! “டார்வின் சொன்னது தப்பு, அவ்வளவுதான்” என்கிறார் என் கணவர். மாமனாரோ, “இப்போது டாக்டர்கள் எல்லாரையும் பிழைக்க வைத்துவிடுகிறார்கள், அதனால்தான் இந்த நோயெல்லாம் பெருகுகிறது” என்கிறார். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: வீட்டில் மூன்று பேர், மூன்று கட்சி. உங்கள் மகளுக்கு நல்ல சூழல்தான் வாய்த்திருக்கிறது. உங்கள் கணவரின் சந்தேகம் நியாயமானது, முடிவுதான் கொஞ்சம் அவசரம். மாமனாரின் கருத்துக்குக் கடைசியில் வருகிறேன். பெரியவர் சொன்னதை ஒரு வரியில் தள்ளிவிட முடியாது, கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு பொதுவான தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடுவோம். இயற்கைத் தேர்வு என்றதும், நல்லது கெட்டது பார்த்துப் பொறுக்கி எறியும் ஒரு கண்காணிப்பாளர் நம் மனதில் வந்துவிடுகிறார். அப்படி யாரும் இல்லை. ஓர் உயிர் தன் சூழலில் எத்தனை வாரிசுகளை வளர்த்து ஆளாக்குகிறது என்பதில் உள்ள வித்தியாசத்துக்குத்தான் அந்தப் பெயர். ஆரோக்கியம், சுகம், நீண்ட ஆயுள் எதுவும் அதன் நேரடிக் கணக்கில் இல்லை. இன்னொன்று, அந்த வித்தியாசம் உடலில் வெளிப்பட்டால்தான் தேர்வு நடக்கும். உடலில் வெளிப்படாமல் உள்ளே கிடக்கும் மரபணுவை அது தொடவே முடியாது.

இங்கேதான் உங்கள் கேள்விக்கான முதல் பதில் இருக்கிறது. “இறந்தவர்களுக்குப் பிள்ளை ஏது” என்று கேட்டீர்கள். இல்லைதான். ஆனால் இறந்த குழந்தைக்கு அண்ணன் உண்டு, அக்கா உண்டு, அத்தை, சித்தப்பா, மாமா எல்லாரும் உண்டு. மரபணு அவர்கள் வழியாகப் போகிறது.

நம் மரபணுக்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது, மற்றது அப்பாவிடமிருந்து. வீட்டில் இரண்டு அடுப்பு இருந்து ஒன்று பழுதானாலும் சமையல் நிற்பதில்லை அல்லவா? அதேபோல் பல மரபணுக்களில் ஒரு பிரதி கெட்டிருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்கிறது. இப்படி இரண்டும் கெட்டால் மட்டுமே நோயாக வெளிப்படும் தன்மையைப் பாடப்புத்தகம் ‘ஒடுங்கு பண்பு’ என்கிறது. ஒரே ஒரு கெட்ட பிரதியை வைத்துக்கொண்டு, தான் வைத்திருப்பதே தெரியாமல் நலமாக வாழ்பவர் ‘கடத்தி’. கடத்திகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. நோய் இல்லாமல் பிறக்கும் பிள்ளைகளிலும் மூவரில் இருவர் கடத்தியாக இருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

இப்போது மக்கள்தொகை முழுவதையும் எடுத்துக்கொள்வோம். இதற்கான கணக்கை 1908-இல் எழுதிக்காட்டியவர் உங்களுக்குத் தெரிந்தவர்தான்: ஐந்து ஆண்டு கழித்துக் கும்பகோணத்து ராமானுஜனின் கடிதத்தைப் பிரித்துப் படித்த அதே கேம்பிரிட்ஜ் ஹார்டி. ஓங்கு பண்பு (ஒரே பிரதி இருந்தாலும் வெளிப்படுவது) தலைமுறைதோறும் பரவி, ஒடுங்கு பண்பை அமுக்கிவிடாதா என்று அன்று ஒரு வாதம் நடந்தது. மரபியல் அறிஞர் பன்னெட் அதை நண்பர் ஹார்டியிடம் கொண்டுபோனார். ஹார்டி நாலு வரிப் பெருக்கலில் விடை சொன்னார்: வெளியிலிருந்து எதுவும் தலையிடாதவரை இரண்டின் விகிதமும் மாறாது. ஓங்கு என்பதால் பெருகாது, ஒடுங்கு என்பதால் தேயாது. தூய கணிதத்தைத் தவிர வேறெதையும் பெரிதாக மதிக்காத அவருக்கு இது எழுதிச் சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை. இன்றைக்கு உயிரியல் மாணவர்களுக்கு அவர் பெயர் தெரிவதே இதனால்தான். அதே ஆண்டு ஜெர்மனியில் வெய்ன்பெர்க் என்ற மருத்துவரும் தனியாக இதைக் கண்டறிந்ததால் ‘ஹார்டி-வெய்ன்பெர்க் சமநிலை’ என்கிறோம்.

அந்தக் கணக்கை ஒரு கற்பனை நோய்க்குப் போட்டுப் பார்க்கலாம். ஊரில் உள்ள மொத்தப் பிரதிகளில் நூறில் ஒன்று கெட்டது என்று வைப்போம். ஒரு குழந்தைக்கு இரண்டுமே கெட்டதாக வந்து சேரும் வாய்ப்பு நூறில் ஒன்றை நூறில் ஒன்றால் பெருக்கினால் வருவது, அதாவது பத்தாயிரத்தில் ஒருவர். கடத்திகள் எத்தனை பேர்? அதே பத்தாயிரத்தில் 198 பேர். நோயாளி ஒருவரிடம் இருப்பது 2 கெட்ட பிரதிகள், கடத்திகளிடம் இருப்பவை 198. இயற்கைத் தேர்வு எவ்வளவு கொடூரமாக இயங்கினாலும், நோயுள்ள குழந்தை ஒன்றுகூடப் பிழைக்காவிட்டாலும், அதன் கைக்கு அகப்படுவது நூற்றில் ஒரு பிரதி. மீதி 99 ஆரோக்கியமான உடல்களுக்குள் பத்திரமாக அடுத்த தலைமுறைக்குப் போகின்றன.

இதைத் தலைமுறைதோறும் நீட்டினால், ‘நூறில் ஒன்று’ என்பது ‘இருநூறில் ஒன்று’ ஆக 100 தலைமுறை பிடிக்கும். தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 2500 ஆண்டு. சங்க காலத்துக்கு முன்பே தொடங்கியிருந்தாலும் இன்றைக்குப் பாதிதான் முடிந்திருக்கும். அரிதாக ஆக ஆக வேகம் இன்னும் குறையும். அடுத்த பாதிக்கு 200 தலைமுறை வேண்டும்.

இந்தப் பெருக்கல் ஒரு காலத்தில் பலருடைய வாழ்க்கையைக் காப்பாற்றியிருக்க வேண்டும், காப்பாற்றவில்லை. அமெரிக்காவில் 1907-இல் இண்டியானா மாநிலம் தொடங்கி வைத்த சட்டங்களின் கீழ், ‘தகுதியற்றவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்ட 60,000-க்கும் மேற்பட்டோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. மேலே சொன்ன பன்னெட்டே 1917-இல், நோயாளிகளைப் பிள்ளை பெறாமல் தடுத்து ஒடுங்கு பண்பு ஒன்றை ஒழிப்பதென்றால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். கத்தியை எடுத்துவிட்டவர்களுக்குக் கணக்கு காதில் ஏறவில்லை.

சரி, மெதுவாகத்தான் குறையும், ஆனாலும் குறையத்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். குறையும் அளவுக்குப் புதிய வரவும் இருக்கிறது. மரபணுவை நகலெடுக்கும்போது எழுத்துப்பிழை விழுவதைச் ‘சடுதிமாற்றம்’ என்கிறோம். நாம் ஒவ்வொருவரும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத அறுபது, எழுபது புதிய பிழைகளோடுதான் பிறக்கிறோம். பெரும்பாலானவற்றால் ஒன்றும் ஆவதில்லை. எப்போதாவது ஒன்று முக்கியமான இடத்தில் விழுந்துவிடும். இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அது இப்படிப் புதிதாக வந்தது, குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்திருக்காது. கைகால் எலும்புகள் குட்டையாக வளரும் அகான்ட்ரோபிளாசியா உள்ளவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேரின் பெற்றோர் சாதாரண உயரம் உள்ளவர்கள்தான். போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றையொன்று சமன்செய்யும் இடத்தில் அந்த நோயின் அளவு நிற்கிறது. அரிய பரம்பரை நோய்கள் பலவற்றுக்கு இந்த விளக்கமே போதும்.

ஆனால் நீங்கள் குறிப்பிட்ட அரிவாள் செல் சோகைக்கு இது போதாது. அதனால்தான் உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம். மருத்துவ நூல்களில் ஆயிரக்கணக்கான பரம்பரை நோய்கள் இருக்க, விதிக்கே சவாலாக நின்ற ஒன்றைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறீர்கள்.

இந்த நோயில் சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் ஒரே ஒரு மாற்றம். அதன் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் கோத்திருக்கின்றன. ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும், இவர்களுக்கு அங்கே வேலின் இருக்கிறது. 1950-களின் நடுவில் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்க்ராம் இதைக் கண்டுபிடித்தார். அந்த ஒரு மாற்றத்தால் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டமான சிவப்பணு கோணிக்கொண்டு அரிவாள் போல் வளைகிறது, நுண்ணிய இரத்தக் குழாய்களில் சிக்கி அடைக்கிறது. எலும்பைப் பிளக்கும் வலி, சோகை, அடிக்கடி தொற்று, பக்கவாதம் என்று தொல்லைகள் தொடரும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆப்பிரிக்கக் கிராமங்களில் இந்த நோயோடு பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் ஐந்து வயதைத் தாண்டவில்லை.

இவ்வளவு கொடிய மரபணு பல ஆயிரத்தில் ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். ஆனால் மத்திய, மேற்கு ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் ஐவரில் ஒருவர், சில இடங்களில் அதற்கும் மேல், கடத்திகள். சடுதிமாற்றம் மட்டுமே இதைத் தாங்கிப் பிடிக்கிறது என்றால், அது வேறெந்த மரபணுவிலும் காணாத வேகத்தில் நடந்தாக வேண்டும். அப்படி நடப்பதாக யாராலும் காட்ட முடியவில்லை.

துப்பு முதலில் வேறொரு நோயிலிருந்து கிடைத்தது. பிரிட்டிஷ் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் (பின்னாளில் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964-இல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர்) மத்தியதரைக் கடல் பகுதியில் தலசீமியா என்னும் இன்னொரு ஹீமோகுளோபின் நோய் ஏன் இத்தனை அதிகம் என்று யோசித்தார். கடத்திகளின் சிவப்பணுக்கள் சிறியவை. ஒருவேளை மலேரியாக் கிருமிக்கு அவை ஒத்துவராமல் இருக்கலாமோ என்று 1948-49-இல் ஓர் ஊகத்தை எழுதிவைத்தார். சோதித்துப் பார்க்கவில்லை.

சோதித்தவர் அந்தோனி ஆலிசன். கென்யாவில் வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படித்தவர். 1949-இல் கென்யாவுக்கு ஓர் ஆய்வுக் குழுவோடு போனபோது பல இன மக்களின் இரத்தத்தைப் பார்த்தார். கடலோரத்திலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் கடத்திகள் ஏராளம், நடுவில் உள்ள வறண்ட மேட்டுநிலத்தில் மிகக் குறைவு. மொழி, இனம் எதோடும் இது பொருந்தவில்லை. கொசுவோடு பொருந்தியது. படிப்பை முடித்துத் திரும்பி வந்து, 1953-இல் உகாண்டாவில் 290 குழந்தைகளைப் பரிசோதித்தார். சாதாரண ஹீமோகுளோபின் உள்ள குழந்தைகளில் 46 சதவீதம் பேரின் இரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தது. கடத்திக் குழந்தைகளில் 28 சதவீதம்தான்.

அத்தோடு நிற்காமல், பெரியவர்களில் கடத்திகள் 15 பேர், மற்றவர்கள் 15 பேர் என்று எடுத்து அவர்களுக்கு மலேரியாவை வேண்டுமென்றே ஏற்றிப் பார்த்தார். மற்றவர்களில் 14 பேருக்குத் தொற்றியது, கடத்திகளில் இருவருக்கு மட்டும். தன்னார்வலர்கள்தான், சிகிச்சையும் தரப்பட்டது. ஆனாலும் இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது, போடவும் கூடாது. 1954-இல் முடிவுகள் வெளிவந்தன. பின்னர் பெரிய அளவில் நடந்த ஆய்வுகள், உயிருக்கு ஆபத்தான ஃபால்சிபாரம் மலேரியாவிலிருந்து கடத்திகளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஏறக்குறைய 90 சதவீதம் என்று காட்டியுள்ளன. கிருமி புகுந்த சிவப்பணு கடத்திகளின் உடலில் சீக்கிரம் வளைந்துவிடுகிறது. மண்ணீரல் அதை அடையாளம் கண்டு, கிருமி பெருகும் முன்பே அழித்துவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்த இடங்களில் அந்தச் செல்லுக்குள் கிருமி சரியாக வளர்வதும் இல்லை.

ஆக, ஒரு பிரதி இருந்தால் காப்பு, இரண்டு இருந்தால் கொலை. ‘மாற்றுப்பண்பிணைவின் சாதகம்’ என்பது இதற்கான கலைச்சொல், அதாவது இரு வகைப் பிரதிகளில் ஒவ்வொன்றைப் பெற்றவருக்குக் கிடைக்கும் அனுகூலம். இது எந்த அளவில் போய் நிற்கும் என்பதை உங்கள் மகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், சுவாரசியமான கணக்கு.

மலேரியா கடுமையாக உள்ள ஓர் ஊர். கடத்திக் குழந்தைகள் 100 பேர் பிழைத்து வளரும் இடத்தில் சாதாரணக் குழந்தைகள் 85 பேர்தான் பிழைக்கிறார்கள், மீதி 15 பேரை மலேரியா கொண்டுபோகிறது என்று வைப்போம். அரிவாள் செல் நோயுள்ளவர் யாரும் பிழைப்பதில்லை. அந்த ஊரில் பிறக்கும் 1000 குழந்தைகளில் காலப்போக்கில் 756 பேர் சாதாரணம், 227 பேர் கடத்திகள், 17 பேர் நோயாளிகள் என்ற விகிதம் நிலைபெறும். ஏன் அங்கே நிற்கிறது? இழப்பைப் பாருங்கள். மலேரியாவில் சாகும் சாதாரணக் குழந்தைகள் 113 பேர், அவர்களோடு ‘நல்ல’ பிரதிகள் 226 போகின்றன. மொத்தமுள்ள நல்ல பிரதிகள் 1739, இழப்பு 13 சதவீதம். சோகையில் சாகும் 17 பேரோடு ‘கெட்ட’ பிரதிகள் 34 போகின்றன. மொத்தம் 261, இழப்பு அதே 13 சதவீதம். இரண்டு கட்சிக்கும் ஒரே விகிதத்தில் நஷ்டம் என்பதால் யாரும் யாரையும் முந்த முடியவில்லை. கெட்ட மரபணு அரிதாகிவிட்டால் அதன் பிரதிகள் ஏறக்குறைய எல்லாமே கடத்திகளிடம்தான் இருக்கும், லாபம் மட்டுமே, பெருகும். மிகுதியாகிவிட்டால் இரண்டு பிரதிகள் ஒரே குழந்தையில் சந்திப்பது கூடும், நஷ்டம் ஏறும், குறையும்.

அந்த 113-ஐயும் 17-ஐயும் இன்னொரு முறை பாருங்கள். அந்த ஊரில் ‘நல்ல’ மரபணுவோடு பிறந்து இறந்த குழந்தைகள்தான் பல மடங்கு அதிகம். உங்கள் கணவரிடம் இந்த இரண்டு எண்களையும் காட்டலாம். இயற்கைத் தேர்வு வேலை செய்யாததால் அரிவாள் செல் மரபணு தங்கிவிடவில்லை. தேர்வு முழு மூச்சாக வேலை செய்ததால்தான் தங்கியது.

இது ஆப்பிரிக்காவோடு முடிகிற கதையும் அல்ல. 1952-இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் இந்தியாவில் முதன்முறையாக இந்த மரபணுவைக் கண்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். இருளர், குறும்பர், பணியர் என்று மலைச்சரிவிலும் அடிவாரக் காட்டிலும் வயநாட்டிலும் வாழ்ந்தவர்கள். அந்தப் பகுதியின் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து வெளியூர்க்காரர்கள் அங்கே தங்கவே அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. பிறகு குஜராத், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா என்று நடு இந்தியாவின் பழங்குடிப் பகுதிகள் எங்கும் இது தெரியவந்தது. அந்த மக்களில் ஏதோ ‘குறை’ இருப்பதாக யாராவது சொன்னால் திருத்துங்கள். தலைமுறை தலைமுறையாக மலேரியாவின் நடுவே பிழைத்து வாழ்ந்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது. மலேரியா வெகுவாகக் குறைந்த இடங்களிலும் விலை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அங்கேயே ஒரு நல்ல சேதியும் உண்டு. இந்திய நோயாளிகள் பலருக்குக் கருவில் இருக்கும்போது வேலை செய்யும் கரு ஹீமோகுளோபின், பிறந்த பிறகும் ஓரளவு தொடர்கிறது. அது இழைகள் உருவாவதைத் தடுப்பதால் நோய் சற்று மிதமாக இருக்கிறது. இதை நினைவில் வையுங்கள், முடிவில் தேவைப்படும்.

எல்லாக் கெட்ட மரபணுவுக்கும் இப்படி ஒரு மறைமுக நன்மை இருந்தே தீர வேண்டும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அரிவாள் செல் கதை அவ்வளவு அழகாக இருப்பதால் படித்தவர்களுக்கே இந்த மயக்கம் வருவதுண்டு. நன்மை ஏதும் இல்லாமலே தங்குவதற்கும் வழிகள் இருக்கின்றன.

ஒன்று, தாமதம். ஹன்டிங்டன் நோய்க்கு ஒரே பிரதி போதும், ஒளிந்துகொள்ளவே முடியாது. நரம்பைத் தின்று ஆளைக் கொல்லும். ஆனால் பெரும்பாலும் 30 வயதுக்கு மேல், 50-க்குள் தொடங்குகிறது. அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகின்றன, தேர்வு தாமதமாக வந்து சேர்கிறது. நம் பக்கமும் ஓர் உதாரணம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையம் (சிசிஎம்பி) உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு வடிவம் இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. இதயத் தசை பலவீனமாகும் ஆபத்தை அது கூட்டுகிறது. உள்ளவர்கள் எல்லாருக்கும் நோய் வருவதில்லை, வருபவர்களுக்கும் பெரும்பாலும் நடுவயதில்தான். அதற்குள் பேரன் பேத்தியே எடுத்திருப்பார்கள்.

இன்னொன்று, வெறும் தற்செயல். பசிபிக்கில் மைக்ரோனீசியாவைச் சேர்ந்த பிங்கலாப் என்ற குட்டித் தீவு. 1775 வாக்கில் ஒரு சூறாவளி அடித்து, பஞ்சமும் சேர, தீவில் சுமார் 20 பேர்தான் மிஞ்சினார்கள். அவர்களில் ஒருவர் முழு நிறக்குருடுக்கான ஒடுங்கு மரபணுவின் கடத்தி. அவர்களின் சந்ததிகள் தங்களுக்குள்ளேயே மணந்து பெருகியதில், உலகத்தில் முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் அந்தக் குறை அங்கே நூற்றுக்கு ஐந்து பேருக்கும் மேல். வெயிலில் கண் திறக்க முடியாத அந்தக் குறையால் யாருக்கும் எந்த லாபமும் இல்லை. சிலரிலிருந்து ஒரு பெருங்கூட்டம் கிளைக்கும்போது அந்தச் சிலரின் மரபணுக்கள், நல்லதோ கெட்டதோ, மிகுந்துவிடுவதை ‘நிறுவனர் விளைவு’ என்பார்கள்.

தீவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. சாதிக்குள்ளேயே மணக்கும் நம் வழக்கம் ஆயிரக்கணக்கான தீவுகளை நிலத்திலேயே உண்டாக்கியிருக்கிறது. மயக்க மருந்து நிபுணர்களைக் கேட்டால் ஆரிய வைசியர் விஷயத்தைச் சொல்வார்கள். அந்தச் சமூகத்தில் சிலருக்கு இரத்தத்தில் ஒரு நொதி இருப்பதில்லை. அன்றாட வாழ்க்கையில் அதனால் ஒரு சிரமமும் இல்லை. அறுவைச் சிகிச்சையின்போது தசையைத் தளர்த்த ஸ்கோலின் என்ற மருந்தைப் போட்டால் மட்டும், சில நிமிடங்களில் தெளிய வேண்டியவர்கள் மணிக்கணக்கில் தாமாக மூச்சுவிட முடியாமல் கிடப்பார்கள். அதுவரை செயற்கைச் சுவாசம் கொடுக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் வருவதற்கு முன்பு இது கெட்ட மரபணுவே அல்ல. இயற்கைத் தேர்வு எதை வைத்து அதைக் களைந்திருக்கும்?

நெருங்கிய சொந்தத்தில் மணப்பது புதிதாகக் கெட்ட மரபணுவை உண்டாக்குவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று மணக்கும்போது, ஒரே மூதாதையின் ஒளிந்திருந்த பிரதி இரண்டு பக்கமிருந்தும் ஒரே குழந்தைக்கு வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் இப்படி ஒரே மூலத்திலிருந்து வரும் வாய்ப்பு, அத்தை மகன் - மாமன் மகள் தம்பதியின் குழந்தைக்குப் பதினாறில் ஒன்று, தாய்மாமனை மணந்தவரின் குழந்தைக்கு எட்டில் ஒன்று. ஊரில் மரபணுவின் அளவு மாறுவதில்லை, நோயாக வெளிப்படுவதுதான் மாறுகிறது.

இனி உங்கள் மாமனார். மருத்துவம் நோயாளிகளைக் காப்பதால் மரபணு பெருகுகிறது என்கிறார். நம் பழைய கற்பனை ஊருக்கே போவோம், நூறில் ஒரு பிரதி கெட்டது. மருத்துவம் இல்லாதபோது அது ஒரு தலைமுறையில் 101-இல் ஒன்றாகக் குறைந்திருக்கும். எல்லா நோயாளிகளையும் காப்பாற்றி, எல்லாரும் பிள்ளை பெற்றாலும், அது நூறில் ஒன்றாகவே நிற்கும். பெருகாது, ஹார்டியின் கணக்கு அதைத்தான் சொல்கிறது. புதிய சடுதிமாற்றங்கள் சேர்ப்பது அதிலும் சொற்பம். நோயாளிகள் அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. முன்பு பெயர் தெரியாத காய்ச்சலில் போனதாகச் சொல்லப்பட்ட குழந்தைகள் இன்று நோய்ப் பெயரோடு உயிருடன் இருக்கிறார்கள். ஒரே பிரதியில் வெளிப்படும் நோய்களில் மட்டும் மாமனார் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. காப்பாற்றப்பட்டவரின் பிள்ளைக்கு அது போக இரண்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அவர் காப்பாற்றப்பட்டதுபோலவே பிள்ளையும் காப்பாற்றப்படலாம் என்பதையும் மாமனாரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

அரிவாள் செல் மரபணுவைப் பொறுத்தவரை, இந்திய அரசு 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஷஹ்டோலில் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைப் பரிசோதித்து, 2047-க்குள் நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து அகற்றுவது இலக்கு. கவனியுங்கள், ஒழிக்கப் பார்ப்பது நோயை, மரபணுவை அல்ல. தான் கடத்தியா என்று ஒருவர் தெரிந்துகொண்டால், இன்னொரு கடத்தியை மணப்பதா, மணந்தால் கருவுற்றபோது என்ன பரிசோதனை செய்வது என்று முடிவெடுக்க முடியும். கடத்தி என்பது நோயாளி அல்ல. பரிசோதனை முடிவைப் பார்த்துப் பெண்ணையோ பையனையோ ஒதுக்கினால் திட்டமே கெட்டது.

அதே 2023-இன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் காஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு அனுமதி அளித்தன. நோயாளியின் எலும்பு மஜ்ஜைக்குரிய மூலச் செல்களை எடுத்து, கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் ஓரிடத்தில் வெட்டித் திரும்பச் செலுத்துகிறார்கள். அரிவாள் செல் எழுத்துப்பிழையை அவர்கள் திருத்துவதில்லை. கரு ஹீமோகுளோபினை நிறுத்திவைக்கும் விசையைத்தான் முடக்குகிறார்கள், அதனால் கரு ஹீமோகுளோபின் மறுபடி உருவாகத் தொடங்குகிறது. இந்திய நோயாளிகள் பலருக்கு இயல்பாகவே ஓரளவு நடக்கும் அதே உபாயம். விலை நம் பணத்தில் 18 கோடி ரூபாய்க்கு மேல் என்பதால் நீலகிரியின் கூடலூருக்கு அது எப்போது வந்து சேரும் என்பது வேறு கேள்வி. வந்து சேர்ந்தாலும், மாற்றப்படுவது இரத்தத்தை உண்டாக்கும் செல்கள் மட்டுமே. விந்தணுவும் கருமுட்டையும் பழையபடியே இருக்கும். வலியிலிருந்து முழுதாக விடுபட்ட அந்த நோயாளிக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த மரபணுவின் ஒரு பிரதி தவறாமல் போகும். அதனால் அவரை மணக்கப் போகிறவருக்கும் அந்தப் பரிசோதனை தேவைப்படும்.